உண்டவர் கூறும் தீர்ப்பு

உலைமூடியால் ஊர்வாயை மூடமுடியாது என்பது பழமொழி. பிற தொழில் செய்வோர் இதனை எவ்வாறு கொள்கின்றனரோ, உணவு சமைத்து விற்போர் இதன் பொருளை நாள்தோறும் அனுபவித்து அறிகின்றனர். துணி வாங்கியவன் அதன் குறையை இரண்டு சலவைக்குப் பின்னரே காண்கிறான். வீடு கட்டுவித்தவன் அடுத்த மாரிகாலம் வரை காத்திருக்கிறான். உணவு வாங்கியவனோ முதற் கவளம் தொண்டையைத் தாண்டுமுன்னரே தீர்ப்பு வழங்கிவிடுகிறான். அத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை. வழங்கியவன் எழுந்து போய்விடுகிறான். மறுநாள் அவன் வருவதும் வராததுமே தண்டனையும் வெகுமதியும் ஆகின்றன.

இத் தீர்ப்புகள் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றுள் எவை நியாயமானவை, எவற்றைக் கடைக்காரர் செவிமடுத்தல் வேண்டும் என்பன ஆராய்தற்குரியவை. பொதுப்படப் பேசுவதினும் ஒரு குறிப்பிட்ட கடையை எடுத்துக்கொள்வது பயன் தரும். அவுஸ்திரேலியாவின் தென்பகுதியில் உள்ள அடிலெயிட் நகரில், கிரேக்கர் நடத்தும் எளிய உணவுக் கடைகள் பல உண்டு. மேசைவிரிப்பும் வெள்ளிக் கரண்டியும் அங்கில்லை. வாசலிலேயே தணலின் வெம்மை முகத்தில் அடிக்கும். வரிசையில் நின்று, பணங்கொடுத்து, தாளிற் சுருட்டிய உணவைக் கையில் வாங்கி, நின்றவாறோ நடந்தவாறோ உண்பர். அவ்வுணவின் பெயர் யீரோஸ்.

யீரோஸ் என்பது யாது? மெல்லிய துண்டுகளாக அரிந்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் ஒறிகானோ என்னும் மூலிகையும் சேர்த்து ஊறவைத்த இறைச்சியை ஒன்றன்மேல் ஒன்றாக நெடிய கம்பியிற் கோத்து நிறுத்துவர். அக் கம்பி நெருப்பின் அருகே மெல்லச் சுழலும். வெந்து சிவந்த மேற்புறத்தை நீண்ட கத்தியாற் சீவி எடுத்து, பீற்றா எனப்படும் தட்டையான ரொட்டியின் நடுவிலிட்டு, தக்காளி, வெங்காயம், தயிர்க் குழம்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சுருட்டுவர். அத் தயிர்க் குழம்புக்குத் த்சாத்சீகி என்று பெயர். நீர் வடித்த கெட்டித் தயிரிலே துருவிப் பிழிந்த வெள்ளரிக்காயும் உள்ளியும் ஒலிவெண்ணெயும் கலந்து செய்யப்படுவது அது. நம் நாட்டுத் தயிர்ப்பச்சடியை அறிந்தவர்க்கு அதன் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கிரேக்க மொழியில் இப்பெயருக்குச் சுழற்சி அல்லது சுற்று என்பது பொருள். துருக்கி மொழியிலே இதே உணவினத்தைக் குறிக்கும் தோனெர் என்னும் சொல்லுக்கும் அதுவே பொருள். இவ்வொற்றுமை தற்செயலானதன்று. செங்குத்துக் கம்பியில் இறைச்சியைச் சுழலவிட்டு வாட்டும் முறை 19ஆம் நூற்றாண்டில் ஒட்டோமன் பேரரசிலே வழக்கில் இருந்தது. ஜேம்ஸ் றொபேட்சன் என்பார் 1855ஆம் ஆண்டில் எடுத்த நிழற்படம் ஒன்று இதனைக் காட்டுகிறது. பூர்சா நகரத்து இஸ்கந்தர் என்பவரே இம்முறையைப் புகழடையச் செய்தார் என்று துருக்கியர் மரபு கூறும். 1922ஆம் ஆண்டுப் போரழிவின் பின்னர், 1923இல் லோசானில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி கிரேக்கமும் துருக்கியும் தத்தம் மக்களுட் பெருந்தொகையினரை மாற்றிக்கொண்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கக் கிறித்தவர் சின்னாசியாவிலிருந்து கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்தனர். வீடும் நிலமும் விட்டு வந்தவர் கைத்திறனை விட்டு வரவில்லை. ஏதென்சிலும் பிரேயஸ் துறைமுகத்திலும் தெசலோனிக்கியிலும் அவர்கள் அடுப்பு மூட்டினர். முதலிலே துருக்கிப் பெயராலேயே வழங்கிய உணவு, பிற்காலத்தில் அதே பொருளுடைய கிரேக்கப் பெயரைப் பெற்றது.

இதனைக் கொண்டு கிரேக்கர் நெருப்பில் இறைச்சி வாட்டக் கற்றதே பிறரிடமிருந்துதான் என்று கொள்ளுதல் பிழை. கிடைக்கம்பியில் துண்டுகளைக் கோத்து வாட்டும் சுவ்லாக்கி முறை அவர்களிடையே மிகப் பழையது. ஏறக்குறைய மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய அக்ரோத்திரி என்னும் நகரைத் தோண்டியபோது, கம்பிகளைத் தாங்கும் பள்ளங்கள் அமைந்த அடுப்புத் தாங்கிகள் கிடைத்தன. ஹோமரின் இலியட் காவியத்திலும் வீரன் அக்கிலீஸ் தன்னை நாடி வந்தவர்க்குக் கம்பியிற் கோத்த இறைச்சியைத் தணலில் வாட்டி விருந்தளிக்கும் காட்சி உண்டு.

இவ்வுணவு அவுஸ்திரேலிய நகரங்களில் மதிப்புப் பெற்ற வரலாறு, ஊரார் கருத்தின் வலிமையைக் காட்டும் சான்றாகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கித்தெரா முதலிய தீவுகளிலிருந்து வந்த கிரேக்கர் நியூ சவுத் வேல்சிலும் குவீன்ஸ்லாந்திலும் ஊருக்கு ஊர் உணவுக் கடை வைத்திருந்தனர். 1932ஆம் ஆண்டு சிட்னியின் மாட்டின் பிளேஸில் நான்கு பென்சுக்குப் பாற்பானம் விற்கும் கடையைத் திறந்து, நாடெங்கும் அத்தகைய கடைகள் பரவ வழிகாட்டியவரும் கிரேக்கரே. ஆயினும் அக் கடைகளில் கிரேக்க உணவு கிடைத்ததில்லை. மாட்டிறைச்சியும் முட்டையும், பொரித்த மீனும் உருளைக்கிழங்கும், அமெரிக்க முறைப் பழப்பானமுமே விற்கப்பட்டன. தயிரும் உள்ளியும் ஒலிவெண்ணெயும் கடையின் பின்கட்டிலே, குடும்பத்தார் உண்ணும் மேசையோடு நின்றுவிட்டன. வாடிக்கையாளர் எதனை விரும்புவர் என்பதினும் எதனை வெறுப்பர் என்பதையே அவர்கள் முதலில் எண்ண வேண்டியிருந்தது. அவ்வச்சம் வீணன்று. 1916ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, உலகப் போரிற் கிரேக்க அரசன் கொண்ட நிலையினாற் சினங்கொண்ட கூட்டத்தினர், மேற்கு அவுஸ்திரேலியாவின் கல்கூர்லி, போல்டர் ஆகிய இடங்களில் கிரேக்கரின் கடைகளை உடைத்துக் கொள்ளையிட்டனர். அரசன் செய்ததற்கு அப்பமும் மீனும் விற்றவன் தண்டிக்கப்பட்டான்.

1952ஆம் ஆண்டு இரு நாட்டரசுகளும் குடியேற்ற உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், கிரேக்கர் பெருந்தொகையாகக் கப்பலேறினர். உள்நாட்டுப் போரினால் நலிந்த சிற்றூர்களிலிருந்து வந்த அவர்கள் ஆலைகளிலும் தொடர்வண்டிப் பாதைகளிலும் உழைத்தனர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கிரேக்க வழிவந்தோர் எனத் தம்மைக் குறித்தோர் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். உண்போர் தொகை இவ்வாறு பெருகியபோது அடுப்பும் பின்கட்டிலிருந்து வாசலுக்கு வந்தது. மறைத்து உண்ட உணவையே காட்டி விற்கும் காலம் பிறந்தது. ஆகவே, இன்று வரிசையில் நிற்பவர் ஒருவர் யீரோஸ் நன்று என்று கூறும்போது, அச்சொல் ஓர் உணவுக்கு மட்டும் கிடைத்த பாராட்டன்று. தலை நிமிர்ந்து அடுப்பருகே நிற்கும் ஒரு குடும்பத்துக்கும் அதிற் பங்குண்டு.

இனி, அக் கருத்துகளை ஒவ்வொன்றாக நோக்கலாம். அடிலெயிட்டின் மேற்குப் புறநகரில் இத்தகைய கடை ஒன்று இருப்பதாக நேயர்கள் மனத்திற் கொள்க. முதியவர் ஒருவர் தணலைக் கவனிக்கிறார். அவர் மனைவி தயிர்க் குழம்பு ஆக்குகிறார். மகன் பணம் வாங்குகிறான். நாட்பட வந்துபோகும் நூறு பேர் நூறு விதமாகப் பேசினும், அப்பேச்சு நான்கைந்து பொருள்களையே சுற்றிச் சுழலும்.

முதலாவது, கரியின் மணம். மரக்கரித் தணலில் வாட்டியது என்று பலகையில் எழுதியிருப்பதைக் கண்டு வருவோர், புகைமணம் வீசினால் மகிழ்வர். வீசாவிடின் ஏமாற்றப்பட்டதாகக் கருதுவர். ஆனால் நன்கு கனன்ற கரிக்குத் தனக்கென மணம் மிகக் குறைவு. இறைச்சியின் கொழுப்பும் சாறும் தணல்மீது சொட்டி எரிந்து, அப் புகை மீண்டும் இறைச்சியிற் படிவதே மக்கள் விரும்பும் மணத்துக்குப் பெரும்பாலும் காரணம். செங்குத்துக் கம்பியிலோ நெருப்பு பக்கவாட்டில் இருக்கிறது. கொழுப்பு இறைச்சியின் மீதே வழிந்து கீழே உள்ள தட்டில் விழுகிறது. ஆகவே அதில் மேற்புறம் முறுகும். புகைமணம் அதிகம் ஏறாது. தணலின்மேற் கிடையாக வைத்து வாட்டும் துண்டுகளிலேயே அம்மணம் மிகும். இரண்டும் தணலில் வெந்தவையே. இவ்வேறுபாட்டை அறியாது ஒன்றை மெய் என்றும் மற்றதைப் பொய் என்றும் கூறுதல் பொருந்தாது. வாயு அடுப்பை வைத்துக்கொண்டு பலகையில் மட்டும் கரியைப் பேசும் கடை இருப்பின், அது வேறு வழக்கு. அங்கே சினங்கொள்ள வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு.

கரி அடுப்பு உழைப்பை விழுங்குவது என்பதையும் உணர்தல் வேண்டும். வாயு அடுப்புக்குத் திருகினால் தீ; திருகினால் அணைவு. கரியோ, கடை திறப்பதற்கு நெடுநேரம் முன்பே மூட்டப்பட்டு, சுவாலை அடங்கி, வெண்சாம்பல் போர்த்திய பின்னரே வேலைக்கு ஆகும். கூட்டம் வரும் என்று நம்பிக் கரியைக் கொட்டியபின் மழை வந்தால், கரியோடு பணமும் சாம்பலாகும். சாம்பலை அள்ளுதல், புகைபோக்கியைத் துப்புரவு செய்தல், அயலாரின் முறைப்பாட்டைக் கேட்டல் ஆகியன அவ்வுழைப்பின் மிச்சங்கள்.

இரண்டாவது, இறைச்சியின் பதம். நியாயமும் அநியாயமும் மிகுதியாகக் கலந்து வருவது இதிலேயே. ஒருவர் இறைச்சி உலர்ந்து சருகாயிருந்தது என்கிறார். மற்றொருவர் வெளிறி வழவழப்பாக இருந்தது என்கிறார். இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில் உண்டவர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. சுழலும் கம்பியின் மேற்புறம் சிவந்து முறுக நேரம் வேண்டும். நண்பகலிற் கூட்டம் நெருக்கும்போது, ஒரு படை சிவக்குமுன்னரே கத்தி வந்துவிடுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு வாங்குவார் இல்லாதபோது, வெந்த படை நெருப்பின் முன்னேயே நின்று நீர் வற்றுகிறது. முன்னவர் மூன்று மணிக்கு வந்தவர். பின்னவர் ஒரு மணிக்கு வந்தவர். உணவின் தீர்ப்பிலே நேரமும் ஒரு சாட்சி. அச் சாட்சியை விசாரியாது தீர்ப்பளித்தல் முறையாகாது.

தேர்ந்த கடைக்காரர் இவ்விடர்ப்பாட்டுக்கு வழி கண்டிருக்கிறார். மந்தமான நேரத்திலே தணலைத் தள்ளி வைப்பர். நெருக்கடி நேரத்திலே சீவிய இறைச்சியைக் கிடை அடுப்பில் ஒருமுறை புரட்டி எடுப்பர். இப்புரட்டல் சுவைக்கு மட்டுமன்றி உடல்நலத்துக்கும் காவலாகும். எளிதிற் கெடும் உணவை 5 பாகை செல்சியஸ் அளவிலோ அதற்குக் கீழோ, அன்றி 60 பாகை அளவிலோ அதற்கு மேலோ வைத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு உணவு ஒழுங்குவிதி. அரைவேக்காட்டு இறைச்சி பற்றிய முறைப்பாடு ஒன்றே ஒன்றாயினும், கடைக்காரர் அதனைத் தள்ளிவிடக் கூடாது. சுவைபற்றிய நூறு கருத்துகளில் தொண்ணூற்றொன்பது விருப்பின்பாற்பட்டவை. இஃது ஒன்று உயிரின்பாற்பட்டது.

மூன்றாவது, அளவும் விலையும். முன்னர் இருகையாலும் பிடிக்கவேண்டிய சுருள் இப்போது ஒரு கையில் அடங்கிவிட்டது என்பதும், விலை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது என்பதும் எங்கும் கேட்கும் பேச்சு. செம்மறிக்குட்டி இறைச்சி நெருப்பிற் பட்டால் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துபோகும். உண்பவர் கையில் 150 கிராம் வர வேண்டுமாயின், கடைக்காரர் 200 கிராமுக்கு மேல் வாங்க வேண்டும். இக் கணக்கு வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும் கணக்கைக் காட்டிக் குறையை மறைத்தலும் தகாது. விலையை உயர்த்த வேண்டுமெனின் வெளிப்படையாக உயர்த்துக. இலைக்கோசை நிறைத்து இறைச்சியைக் குறைப்பது வேண்டாம் என்று வாடிக்கையாளர் கூறுவராயின், அது நேர்மையான வேண்டுகோள். விலையேற்றத்தை மனிதர் மன்னிப்பர். ஒளித்துச் செய்த குறைப்பை மன்னியார்.

நான்காவது, இஃது உண்மையான கிரேக்க உணவுதானா என்னும் வினா. ஏதென்சிற் பிறந்தவர் வந்து, உருளைக்கிழங்குப் பொரியல் உள்ளே இல்லையே, பன்றியிறைச்சி எங்கே என்று கேட்பார். கிரேக்கத்தில் யீரோசுக்குப் பெரிதும் பயன்படுவது பன்றியிறைச்சியும் கோழியுமே. பொரியலும் சுருளுக்குள்ளேயே இடம்பெறும். அடிலெயிட்டிற் பிறந்தவரோ செம்மறிக்குட்டியும் இலைக்கோசும் மிளகாய்க் குழம்பும் இல்லையெனில் முகஞ்சுளிப்பார். இதே பொருளை மெல்பேண் நகரத்தார் சுவ்லாக்கி என்பர். அடிலெயிட்டாரும் பிரிஸ்பேன் நகரத்தாரும் யீரோஸ் என்பர். கிரேக்கத்திலேயே இவ்வழக்குத் தீரவில்லை. கம்பியிற் கோத்த துண்டுகளை ஏதென்ஸ் மக்கள் சிறுநாணல் என்னும் பொருள்படக் கலமாக்கி என்று கூற, தெசலோனிக்கி மக்கள் அதுவே சுவ்லாக்கி என்று சாதிப்பர். அடிலெயிட்டார் ஒருபடி மேலே சென்று, பொரியலின் மேல் யீரோஸ் இறைச்சியைக் குவித்துக் குழம்புகளை ஊற்றி ஏபி என்று பெயரிட்டனர். அதனை முதலில் ஆக்கியவர் யார் என்று வட அடிலெயிட்டில் இரு கடைகள் உரிமை பாராட்டுகின்றன. தத்தம் இளமையில் உண்டதையே ஒவ்வொருவரும் மெய்யானது என்று கொள்கின்றனர். நாக்கு சுவைப்பதை நினைவு எடைபோடுகிறது. ஆதலால் இங்கே ஒருவர் சரி, மற்றவர் பிழை என்பதற்கு இடமில்லை.

எஞ்சியவை சில. பீற்றா கிழிந்து குழம்பு சட்டையில் வழிந்தது என்பதும், உள்ளி மிகுந்து மறுநாள் வரை வாயில் நின்றது என்பதும், வரிசை நகரவில்லை என்பதும், பணம் வாங்கியவர் முகங்கொடுத்துப் பேசவில்லை என்பதும் அவற்றுட் சேரும். இறுதியிற் கூறியதைச் சிறிதென எண்ணலாகாது. சுவைக் குறையை மறந்து மீண்டும் வருவோர் பலர். அவமதிப்பை மறந்து வருவோர் அரியர்.

இக்காலத்தில் இக் கருத்துகள் காதோடு காதாகப் போய் நிற்பதில்லை. கைத்தொலைபேசியைத் தட்டி, ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றோ நான்கோ குறித்துவிட்டு ஒருவர் போய்விடுகிறார். நேரத்தையும் காரணத்தையும் சொல்லாத ஒற்றை நட்சத்திரத்திலிருந்து கடைக்காரர் கற்றுக்கொள்வது யாது? ஒன்றுமில்லை, அன்று அவருக்கு உறக்கம் கெடுவதே மிச்சம். மறுபுறம், தம் உறவினரைக் கொண்டு தாமே புகழ்மாலை சூட்டிக்கொள்ளும் வணிகரும் உலகிலுண்டு. 2011ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் கீழ், மக்களை மயக்கும் அத்தகைய பொய்க் கருத்துகள் குற்றமாகும். சட்டம் பொய்யைத் தடுக்கலாம். அவசரத்தைத் தடுக்க அதனால் இயலாது.

கற்பனைக் கடைக்கே மீண்டும் செல்வோம். வாடிக்கையாளர் ஒருவர் முகம் கோணாமல் அடுப்பருகே வந்து, “ஐயா, சென்ற கிழமை வாங்கிய இறைச்சி மிகவும் உலர்ந்திருந்தது” என்கிறார். முதியவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “எத்தனை மணிக்கு வந்தீர்கள்?” என்று கேட்கிறார். “மூன்று மணி இருக்கும்.” முதியவர் தலையசைக்கிறார். தணலை ஒருபுறம் ஒதுக்க மறந்த நேரம் அது என்பது அவருக்கு விளங்கிவிடுகிறது. அன்று சீவிய முதற் படையை அந்த வாடிக்கையாளருக்கே சுருட்டிக் கொடுக்கிறார். குறை கூறியவர் பகைவராகவில்லை. குறை கேட்டவர் சிறுமைப்படவில்லை. இருவருக்குமிடையே நின்றது ஒரு கேள்வி மாத்திரமே. அக்கேள்வியைக் கேட்கும் பொறுமை கடைக்காரருக்கும், அதற்கு விடை சொல்லும் நேர்மை உண்டவருக்கும் இருந்தால் தீர்ப்பு திருத்தமாக மாறுகிறது.

பிறர் உழைப்பை மதிப்பிடும் உரிமை, காசு கொடுத்த யாவர்க்கும் உண்டு. ஆனால் அவ்வுரிமையோடு ஒரு கடமையும் ஒட்டிப் பிறந்துள்ளது. எந்த நேரத்தில், எந்தப் பொருளில், எந்தக் குறை என்பதைத் தெளிந்து கூறுவதே அது. ஒரு காலத்திலே கிரேக்கர் தம் உணவைப் பின்கட்டிலே மறைத்து உண்ணச் செய்ததும் ஊரார் வாய். இன்று அதனை வாசலிலே வைத்து விற்கச் செய்ததும் ஊரார் வாயே. அவ்வாயை மூட உலைமூடி வேண்டியதில்லை. நெஞ்சறிந்து பேசப் பழகினாற் போதும். அதுவரை, நட்சத்திரங்களை எண்ணிக் கலங்காது, நேற்று வந்த முகம் இன்றும் வரிசையில் நிற்கிறதா என்று நோக்கியவாறு அம்முதியவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருப்பார். அம்முகத்தைக் கண்டால், அன்றைய தீர்ப்பு அவருக்குக் கிடைத்துவிட்டது.